கோலுக்குப் பின்னால் நின்றவர்கள்

போன கிழமை எங்கள் முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டு நின்றபோது, கூட வேலை செய்கிற பிள்ளையின் கைபேசி திடீரென்று அலறியது. இடிமின்னல் எச்சரிக்கை. இப்போதெல்லாம் இந்த நாட்டில் வானம் முழங்குவதற்கு முன்னால் கைபேசி முழங்கிவிடுகிறது. அவள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். அதற்குள் ஒரு வாடை உள்ளே வந்துவிட்டது. வெயிலில் காய்ந்த ரப்பரில் முதல் மழைத்துளி விழுகிற வாடை. பக்கத்துச் சிறுவர் பூங்காவில் ஊஞ்சலுக்குக் கீழே ரப்பர் விரித்திருக்கிறார்கள், அதிலிருந்து வந்திருக்க வேண்டும். சுகமில்லையா என்று அவள் ஜெர்மனில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். பிறகு பார்த்தால், தோலோடு சேர்த்துப் பாதிக் கிழங்கையும் சீவி எறிந்திருக்கிறேன்.

அந்த வாடை ஒரு காலத்தில் என் வீட்டில் இல்லாத இடமே இல்லை. செயற்கைப் புல் மைதானங்களில் கறுப்பாக ரப்பர் துகள் தூவியிருப்பார்களே, அது மகள் மதுராவின் காலணிக்குள்ளும் காலுறைக்குள்ளும் புகுந்து வீடு வந்து சேரும். குளியலறையில் கிடக்கும், மெத்தையில் கிடக்கும், துணி கழுவும் இயந்திரத்தின் வடிகட்டியில் கைப்பிடி அளவு கிடக்கும். ஒருநாள் என் கணவர் பருப்புக்கறியில் கிடந்ததைக் கடுகு என்று நினைத்து மென்றுவிட்டு, "இண்டைக்குக் கடுகு வெடிக்கேல்லைப் போல" என்றார். நான் உண்மையைச் சொல்லவில்லை. வீட்டில் உண்மையை விழுங்குகிற பழக்கம் எனக்கு அப்போதே இருந்திருக்கிறது, பாருங்கள்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில் பானுக்கும் ஆஹெனுக்கும் இடையில் ஒரு சின்ன நகரம். சனிக்கிழமைகளில் ஒரு ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பறையை வாடகைக்கு எடுத்துத் தமிழ் படிப்பித்தார்கள். படிக்க வந்த பெண்பிள்ளைகள் இடைவேளையில் ஆத்திசூடியைவிட அதிகமாகப் பந்தைத்தான் உதைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு அணி தொடங்கினார்கள். பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணி. இந்த மாநிலத்தில் எங்களைப் போல இருந்த மற்றத் தமிழ்ப் பள்ளிகளும் அணி வைத்திருந்தன. கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போட்டி நடக்கும். மதுரா கோல் காப்பாளர். உயரமான பிள்ளை, கை நீளம், பயம் குறைவு. தகப்பனுடைய உயரம், என்னுடைய பயமின்மை என்று நான் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். பயமின்மை என்பது அவ்வளவு பெருமைப்பட வேண்டிய சாமானா என்று அப்போது யோசிக்கவில்லை.

பிள்ளைகள் விளையாடினார்கள் என்றால், நாங்கள் அதைப் பற்றிக் கதைத்தோம். எது பெரிய விளையாட்டு என்று கேட்டால் கதைத்ததைத்தான் சொல்வேன். கோலுக்குப் பின்னால் இரும்புக் கம்பித் தடுப்பு ஒன்று இருக்கும். அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஏழெட்டுப் பேர் நிற்போம். எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் குணம் அண்ணை. டாக்சி ஓட்டுகிறவர். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு விளையாடியவர், அல்லது விளையாடியதாகச் சொல்லுகிறவர். அவர் அடித்த ஒரு கோல் வருடத்துக்கு வருடம் தூரம் கூடிக்கொண்டே போனது. கடைசியாக நான் கேட்டபோது மைதானத்தின் நடுவட்டத்துக்கும் அப்பால் இருந்து அடித்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ராஜி அக்கா, எல்லாருக்கும் பொரித்த ரோல்ஸ் பெட்டியோடு. அவருடைய மகள் அபிதான் எங்கள் அணியின் முன்கள வீராங்கனை. பிறகு நான், தொண்டையோடு.

ஒரு வழக்கம் வைத்திருந்தோம். எப்போதும் எதிரணியின் கோலுக்குப் பின்னால்தான் நிற்போம். எங்கள் பிள்ளைகள் கோல் அடிப்பது அங்கேதானே. இடைவேளையில் பக்கம் மாறினால் நாங்களும் பெட்டி, குடை, தேநீர்ப் போத்தல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போவோம். அதனால் நான் கோல் காப்பாளரின் தாயாக இருந்தும், ஒருநாளும் என் மகளுடைய கோலுக்குப் பின்னால் நின்றதில்லை. அவளுக்கும் அதுதான் விருப்பம். "அம்மா, நீங்கள் பக்கத்தில நிண்டு கத்தினால் எனக்குப் பந்து தெரியாது" என்று சொல்லிவிட்டாள். ஐந்து வருடமாக அவளை நான் மைதானத்தின் முழு நீளத்துக்கு அப்பாலிருந்துதான் பார்த்தேன்.

பயிற்றுநரைப் பற்றிக் கதைப்பது எங்களுக்குச் சாப்பாடு மாதிரி. ரமணன் என்று ஒரு பொடியன், தமிழ்நாட்டுக்காரர். ஆஹெனில் பொறியியல் படிக்க வந்து அங்கேயே வேலை எடுத்தவர். தன் செலவில் பேருந்து ஏறி வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். நன்றி சொல்ல வேண்டிய நாங்கள் என்ன செய்தோம் என்றால், அவர் ஏன் பந்தைப் பின்னுக்குக் கொடுக்கச் சொல்கிறார் என்று வாரம் முழுக்க விசாரணை நடத்தினோம்.

"பின்னால பாஸ் பண்ணினாத்தான் ஸ்பேஸ் கிடைக்கும் சார்" என்பார் ரமணன்.

"தம்பி, கோல் முன்னுக்குத்தானே இருக்கு?" என்பார் குணம் அண்ணை.

ரமணன் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அவர் சிரித்தது குணம் அண்ணைக்குப் பிடிக்காது. பிறகு அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்திகள் வரத் தொடங்கும். அதில் நான்தான் நட்சத்திரம். வானொலி வர்ணனையாளர் மாதிரிக் குரலை மாற்றி, அன்றைய ஆட்டத்தைத் திரும்ப ஓட்டுவேன். பயிற்றுநருக்கு இரண்டு குத்து, மத்தியஸ்தருக்கு நாலு குத்து. ஒல்லாந்தில் இருக்கிற சொந்தக்காரர்கூட அதைக் கேட்டுச் சிரித்ததாகச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு யாராவது காது கொடுத்தால் அப்படித்தான் ஆகும்.

மத்தியஸ்தர்கள் விஷயம் ஒரு தனிக் கூத்து. தொடக்கத்தில் விசில் வைத்திருக்கிறவர் எவரோ அவரே மத்தியஸ்தர். ஒருவர் கோட்டுச் சூட்டோடு வந்து நடுவில் நின்று, நின்ற இடத்தை விட்டு அசையாமல் முழு ஆட்டத்தையும் நடத்தி முடித்தார். இன்னொருவர் தன் தம்பியின் மகள் விழுந்தால் மட்டும் ஊதுவார். சண்டை கூடியதால், சான்றிதழோடு பயிற்சி பெற்ற ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்று ஒழுங்கமைப்புக் குழு முடிவு செய்தது. அப்படித்தான் நிரோஷா வந்தாள்.

இருபத்திரண்டு வயது இருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஜெர்மன் சங்கத்தில் முறைப்படி மத்தியஸ்தர் பரீட்சை எழுதித் தேறியவள். தலைமயிரை இறுக்கி முடிந்து, நேரம் பார்க்க இரண்டு கையிலும் மணிக்கூடு கட்டியிருப்பாள். தமிழ் கொஞ்சம் தடக்கும், ஆனால் மரியாதையான பிள்ளை. கோடு தாண்டி நின்றால் அண்ணை, அக்கா என்று கூப்பிட்டே பின்னால் போகச் சொல்வாள். எங்களுக்கு அவளைப் பிடிக்கவில்லை. சரியாக ஊதினாள் என்பதுதான் காரணம். சரியாக ஊதுகிறவரைப் பற்றி என்னத்தைக் கதைப்பது? "சின்னப் பெட்டை, சட்டப் புத்தகத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கு" என்று குணம் அண்ணை தொடங்கி வைத்தார். நான் அந்த இரண்டு மணிக்கூட்டை வைத்துப் பத்து நிமிடக் குரல் செய்தி ஒன்று செய்தேன். அவளுக்கு அது போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆட்டத்தில் என்னைக் கண்டு, "அன்ரி, நல்லாச் சிரிச்சன்" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

இனி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. யுத்தத்தில் எங்கள் ஊரில் செல்லடி, அதுதான் எறிகணை வீச்சு, நடந்த காலத்தில் நாங்கள் எண்ணிப் பழகியவர்கள். இராணுவ முகாமிலிருந்து செல்லை ஏவுகிற சத்தம் முதலில் கேட்கும். அதிலிருந்து எண்ணத் தொடங்கினால், விழுந்து வெடிக்கிறதற்குள் எத்தனை வருகிறதோ, அதை வைத்து எங்கள் பக்கமா அடுத்த ஊர்ப் பக்கமா என்று சொல்லிவிடுவோம். நான் அதில் கெட்டிக்காரி. பதுங்குகுழிக்குள் பன்னிரண்டு வயதுப் பெட்டை நான் எண்ண, பெரியவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் "தூரம்" என்றால் மூச்சு விடுவார்கள். வெளியே போய் அடுப்பில் வைத்த சோற்றை இறக்கிவிட்டு வருவார்கள். அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே மதிப்பு அதுதான். ஜெர்மனிக்கு வந்த பிறகு அதை மின்னலுக்கும் இடிக்கும் மாற்றிக்கொண்டேன். மின்னல் வெட்டினால் எண்ணுவேன். கோலுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் என்னோடு சேர்ந்து எண்ணுவார்கள். அது ஒரு பகிடியாகவே எங்களிடம் இருந்தது.

அரையிறுதி ஆட்டம் ஒரு ஆடி மாத ஞாயிறு. காலையிலிருந்தே காற்று இல்லை. மைதானம் சூடேறி, ரப்பர் வாடை மூக்கைப் பிடித்தது. பிள்ளைகள் காலணியை மாற்றும்போதே களைத்துப்போய் இருந்தார்கள். மேற்கே ஐஃபெல் மலைப் பக்கம் வானம் காயம்பட்ட தோல் மாதிரி மஞ்சளும் ஊதாவுமாக இருந்தது. மைதானத்தைச் சுற்றி இருந்த மரங்களில் ஒரு குருவிச் சத்தம் கிடையாது. ராஜி அக்கா அன்றைக்குக் கொண்டுவந்த ரோல்ஸில் பாதி அப்படியே கிடந்தது. எங்கள் கூட்டத்தில் சாப்பாடு மிஞ்சினால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அரையிறுதி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

எதிரணி பான் பக்கத்துப் பிள்ளைகள். நல்ல விளையாட்டு. ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அபி அடித்த பந்து எதிரணிப் பிள்ளை ஒருத்தியின் கையில் பட்டது. நாங்கள் நிற்கிற கோலுக்கு முன்னால், கண்ணுக்கு நேரே. நிரோஷா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. விசிலை ஊதிப் புள்ளியைக் காட்டினாள், தண்ட உதை. குணம் அண்ணை வாழ்க்கையில் முதல் தடவையாக அவளைப் பாராட்டினார். "பிள்ளைக்குக் கண் தெரியுது!"

அபி பந்தைப் புள்ளியில் வைக்கக் குனிந்தபோது மேற்கே மின்னியது. எண்ணினோம். ஒன்பதில் இடித்தது. நிரோஷா உடனே ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் உடை மாற்றும் அறைக்குப் போகச் சொல்லிவிட்டாள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் திரும்பத் தொடங்கலாம் என்றாள்.

அப்போது மணி ஐந்தரை. ஆறு மணிக்கு மைதானக் காப்பாளர் வந்து கேட்டைப் பூட்டிவிடுவார். அந்த மனிதரோடு ஆறு மணியைத் தாண்டி ஒரு நிமிடம் பேச முடியாது, அது முழு ஊருக்கும் தெரியும். அதற்குள் முடியாவிட்டால் காசைச் சுண்டிப் போட்டுத்தான் வெற்றியைத் தீர்மானிப்பது என்பது எங்கள் போட்டியின் விதி. கையில் தண்ட உதையை வைத்துக்கொண்டு காசுக்குப் பூவா தலையா பார்ப்பதா? கம்பித் தடுப்பில் நின்றவர்களுக்கு இரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

அறை வாசலில் கூரைக்குக் கீழே எல்லாரும் நிரோஷாவைச் சுற்றிக்கொண்டோம். மழை தூறத் தொடங்கியிருந்தது. இடையிடையே மின்னியது. ஒவ்வொரு மின்னலுக்கும் நான் சத்தமாக எண்ணினேன். பன்னிரண்டு. பிறகு பதினாலு.

"பாத்தியளோ, விலகிப் போகுது" என்றேன்.

"ஏலாது அன்ரி. சத்தம் கேக்குமட்டும் ஆபத்துத்தான்" என்றாள் நிரோஷா.

"பிள்ளை, நாங்கள் செல்லடிக்குள்ள பந்தடிச்ச ஆக்கள். இதென்ன, மழை இடி" என்றார் குணம் அண்ணை.

ரமணன் நடுவில் வந்தார். "அக்கா, ப்ளீஸ், வேண்டாம். டாஸ்ல தோத்தா தோத்துட்டுப் போறோம். எங்க ஊர் வயல்ல வருஷத்துக்கு ஒருத்தராவது இப்படிப் போயிடுவாங்க. மழை விட்டுடுச்சுன்னு நினைச்சுத்தான் இறங்குவாங்க."

யாரோ சிரித்தார்கள். "இந்தியாக்காரருக்கு இடியும் யுத்தம்தான்" என்று ஒரு குரல். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தப் பொடியன் முகம் சிவந்து ஒதுங்கி நின்றார். இன்றைக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என் வாயிலேயே அடிக்க வேண்டும் போல இருக்கும்.

ஒழுங்கமைப்புக் குழுச் செயலாளர் மணிக்கூட்டைக் காட்டிக் காட்டி நிரோஷாவை நெருக்கினார். ஒரு பந்து, இரண்டு நிமிடம், அவ்வளவுதானே என்றார்கள். மற்றப் பக்கத்துப் பெற்றோரும் காசு சுண்டுவதை விரும்பவில்லை. பிள்ளைகளும் விளையாடத்தான் நின்றார்கள். நாலு பக்கமும் ஆட்கள். அவள் தன் இரண்டு மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எல்லாரையும் விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அன்ரி, எல்லாரும் இந்தப் பக்கம் நிப்பினம். உங்கட மகள்தான் அந்தக் கோலில தனிய நிக்கப்போறா. பக்கத்தில லைட் கம்பமும் நிக்குது. நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னால் நான் இப்பவே முடிச்சு எழுதிடுவன். ஆரும் என்னோட கதைக்க வரேலாது. சொல்லுங்கோ."

அவள் கேட்ட விதம் எனக்கு இப்போது விளங்குகிறது. அவள் ஒரு கதவைத் திறந்து வைத்தாள். தாய் மறுத்துவிட்டாள் என்றால் யாரும் வாய் திறக்க முடியாது. அவளுக்கும் தப்ப ஒரு வழி, என் பிள்ளைக்கும். எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதுங்குகுழிக்குள் பார்த்த அதே மாதிரி. அந்த மதிப்பு எனக்கு இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு திரும்பக் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இதைத்தான் நான் யாருக்கும் சொன்னதில்லை.

"தூரம்" என்றேன். "விளையாடட்டும்."

செல்லை அடிக்கிறவன் ஒரு முகாமில் இருக்கிறான். கடைசிச் செல் எங்கே விழுந்தது என்று தெரிந்தால் அடுத்தது எங்கே என்று ஓரளவு சொல்லலாம். மேகத்துக்கு முகாம் கிடையாது. பதினாலு என்பது கடைசியாக விழுந்த மின்னலின் தூரம். அடுத்த மின்னலைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. இந்த ஊரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போனது.

மதுரா கையுறையை மாட்டிக்கொண்டு தூறலுக்குள் தன்னுடைய கோலுக்கு ஓடினாள். ஓடும்போது என்னைத் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினாளா இல்லையா என்பது எனக்கு ஞாபகம் இல்லை. காட்டினாள் என்று சில நாள் நினைக்கிறேன். நான் வழக்கப்படி எதிரணியின் கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எல்லார் கண்ணும் அபியின் காலில். அவள் நாலு அடி ஓடிவந்து இடது மூலைக்கு அடித்தாள். வலை குலுங்கியது. நாங்கள் கம்பியை உலுக்கிக்கொண்டு கத்தினோம். என் தொண்டைதான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கேட்டிருக்கும்.

அந்தக் கத்தலுக்குள்ளேயே வெள்ளையாக வந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக. எண்ணுவதற்கு நடுவில் ஒன்றுமே இருக்கவில்லை.

அடுத்து நடந்ததை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். நாங்கள் எல்லாரும் குப்புற விழுந்து படுத்துவிட்டோம். குணம் அண்ணை, ராஜி அக்கா, செயலாளர், நான், அந்த மைதானத்தில் நின்ற எங்கள் வயது ஆட்கள் அத்தனை பேரும். யாரும் சொல்லவில்லை, யாரும் யோசிக்கவில்லை. முகத்தை நிலத்தில் புதைத்து, காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊரில் பழக்கிய மாதிரியே படுத்துக் கிடந்தோம். ரப்பர் துகள் என் பல்லில் நறநறத்தது. இரண்டாவது விழும் என்று காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் பிள்ளை மைதானத்தின் மற்ற முனையில் நிற்கிறாள் என்பது அந்த நேரத்தில் என் தலைக்குள் இல்லை. இருந்தது நான் மட்டும்தான்.

தலையை நிமிர்த்தியபோது இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். செல்லடி தெரியாத இரண்டு பேர். நிரோஷா முன்னால், ரமணன் பின்னால். லைட் கம்பத்தின் அடியில் புகை. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் மதுரா மல்லாந்து கிடந்தாள். நான் போய்ச் சேரும்போது ரமணன் அவளுடைய நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார், ஜெர்மனில் எண்ணிக்கொண்டு. வாகனம் ஓட்டும் உரிமம் எடுப்பதற்காக முதலுதவி வகுப்புக்குப் போன பொடியன். அவர் எண்ணிய எண்ணிக்கைதான் என் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்தது.

மூன்று கிழமை ஆஸ்பத்திரி. உயிர் தப்பியது. இடது காது அடியோடு போய்விட்டது. அந்தக் கோடை முழுவதும் அவளுடைய ஞாபகத்திலிருந்து போய்விட்டது. அரையிறுதி, அபியின் கோல், எதுவும் இல்லை. கடைசியாக அவளுக்கு நினைவிருந்தது பள்ளிக்கூடத்தில் எழுதிய ஒரு கணக்குப் பரீட்சை.

ஆஸ்பத்திரி நடைகூடத்தில் இருந்துகொண்டு குழுவில் வந்த குரல் செய்திகளைக் கேட்டேன். முதல் இரண்டு நாள் எல்லாரும் அழுதார்கள், கோயிலுக்கு நேர்த்தி வைத்தார்கள். மூன்றாம் நாள் பழையபடி ஆட்டத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். மத்தியஸ்தரைப் பற்றித்தான். "பரீட்சை எழுதின பெட்டைக்குச் சட்டம் தெரியாதே? அவள் ஏன் திரும்ப விசில் ஊதினவள்?" என்று குணம் அண்ணையின் குரல் தழுதழுத்தது. அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார் என்று நினைக்கிறேன். வாசலில் கூரைக்குக் கீழே நின்ற இருபது பேரில் ஒருவருக்காவது நான் சொன்னது ஞாபகம் இருந்திருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் இருக்கிற தாயைப் போய் யார் குற்றம் சொல்வார்கள்? குழுவின் நட்சத்திரமான நான் அந்தக் குழுவில் அதற்குப் பிறகு ஒரு சொல்கூடப் பேசவில்லை. அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நிரோஷா ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் மணிக்கூடு இல்லை. காப்புறுதிக்கும் பொலிசுக்கும் தான் கொடுத்த அறிக்கையில், ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கியது தன்னுடைய முடிவு என்று மட்டும் எழுதியதாகச் சொன்னாள்.

"விசில் ஊதினது நான்தானே அன்ரி" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இல்லைப் பிள்ளை, நான்தான் சொன்னேன் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அழுகை எவ்வளவு வசதியானது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவள் விசிலைத் திரும்பக் கையில் எடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு வருடம் கழித்துப் பான் ரயில் நிலையத்தில் அவளைத் தூரத்தில் கண்டேன். சீட்டு இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ரயில் போகும்வரை, நாற்பது வயது மனுசி, கள்ளப் பூனை மாதிரி.

அந்தப் போட்டியை அந்த வருடத்தோடு நிறுத்திவிட்டார்கள். தமிழ் வகுப்பு இரண்டு அறைக்குச் சுருங்கி, பிறகு கணினிக்குள் போய்விட்டது. குணம் அண்ணை லண்டனில் மகளோடு. ராஜி அக்கா என்னைக் கண்டால் சுகம் கேட்பார், பந்தைப் பற்றி ஒரு சொல் வராது. அபி அடித்தது கோலா இல்லையா என்று இன்றுவரை யாரும் கதைக்கவில்லை. கதைப்பதற்கே பிறந்த அந்தக் கூட்டத்தில் கதைக்காமல் விட்ட ஒரே கோல் அதுதான். ரமணனுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புவேன். "மதுரா எப்படி இருக்கா அக்கா?" என்று பதில் வரும், வேறொரு நாட்டிலிருந்து. மைதானம் இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி வீடுகள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியில் நான் மட்டும் அதற்குள் இருந்தேன். போன வருடம் கைபேசியை மாற்றியபோது அதுவும் அழிந்துவிட்டது. என்னுடைய குரல், என்னுடைய பகிடி, நிரோஷாவின் இரண்டு மணிக்கூட்டைப் பற்றிய பத்து நிமிடம், எல்லாம்.

மதுராவுக்கு இப்போது இருபத்தாறு. வரி அலுவலகத்தில் வேலை. நன்றாக இருக்கிறாள், கடவுளே என்று. நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும் அவளுக்கு. மற்றவர்கள் சொன்னது குழுவில் சொன்னதுதான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அம்மா, அந்த ரெஃபரிக்குக் கொஞ்சமும் அறிவில்லையோ?"

நான் கறியைப் பரிமாறிக்கொண்டே "ஓம்" என்றேன். ஒரு எழுத்தும் ஒரு ஒற்றும். ஒரு பிள்ளையின் பெயரை அதால் அழித்துவிட்டேன்.

வெளியே நடக்கும்போது நான் எப்போதும் மதுராவின் இடது பக்கம்தான் நடப்பேன். கேட்காத காதின் பக்கம் வாகனம் வந்தால் தெரியாதே, அதற்காக என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவளும் நம்புகிறாள். இந்தக் கிழமை, பேருந்துத் தரிப்பிடத்தில் இருவரும் நின்றோம். வெயில். வீதியைப் பார்த்துக்கொண்டு, வாகன இரைச்சலுக்குள்ளே, சாதாரணமாகக் கதைக்கிற குரலில், முழுவதையும் சொன்னேன். நிரோஷா உன்னைக் காப்பாற்றப் பார்த்தவள், என்னட்ட வந்து கேட்டவள், விளையாடட்டும் எண்டு சொன்னது நான்தான், பிறகு குப்புறப் படுத்ததும் நான்தான்.

மதுரா என் வாய் அசைந்ததைக் கடைக்கண்ணால் கண்டிருக்க வேண்டும். என் தோளைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

"அம்மா, இந்தப் பக்கம் வாங்கோ. அந்தப் பக்கம் கேக்காதெல்லே. என்ன சொன்னனீங்கள்?"

நான் சுற்றிக்கொண்டு அவளுடைய வலது பக்கம் வந்தேன். அவள் காதைச் சாய்த்துக் கொடுத்தாள்.

"பஸ் பிந்துது எண்டனான்" என்றேன்.